கடை இடைவெளி பாக்கி

கொரோனா காலத்தில் ஊருக்கு வந்த சாப்ட்வேர் பையன்களில் சிலர் ஏரலைவிட்டுத் திரும்பிப் போகவே இல்லை. பெங்களூரு சம்பளம், தாமிரபரணிக் குளியல், ராத்திரி புரோட்டா என்று அமைந்துவிட்டால் எவன் போவான்? என் அக்கா மகனும் அந்தக் கட்சிதான். மாடியறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பான். முதலில் ஒரு பெயர், ஓர் இடைவெளி, பிறகு ஒரு வேலை: கிட் கமிட், டாக்கர் ரன், ஆப்ட் இன்ஸ்டால். “இதுக்கு சப்கமாண்டுன்னு பேரு மாமா. டூல் ஒண்ணுதான், உள்ள நூறு வேலை” என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தான். அவன் அரை டவுசரில் திரிந்த காலத்திலேயே இதே பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு அந்தக் காரியத்தைச் செய்து கொடுத்தவன் நான். அக்கா மகன் சொல்கிறானே என்று முதன்முதலாகக் கேட்பவன்போல் தலையாட்டினேன்.

அப்போது எனக்குத் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. ஸ்கோ யூனிக்ஸ் ஓடும் ஒரு பெட்டி, அதிலிருந்து வால் வாலாகக் கேபிள் போய் மேஜைக்கு ஒரு டெர்மினல், கறுப்பில் பச்சை எழுத்து. ஷிப்பிங் பில் கணக்கெல்லாம் ஃபாக்ஸ்பேஸில் இருக்கும். ராத்திரி பேக்கப், பிரிண்ட் வரிசை, பழைய ஃபைலைக் கூட்டி அள்ளுவது இதெல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட். அதை எழுதிவைத்த எஞ்சினியர் சிங்கப்பூர் போய்விட்டார். அவர் விட்டுப்போனதைப் படித்துப் படித்துத்தான் நான் ஷெல் கற்றேன். அந்தப் பெட்டிக்குள்ளேயே மாதிரி இருந்தது. பிரிண்டர் சேவையைக் கிளப்பும் ஸ்கிரிப்டுக்குப் பின்னால் ‘ஸ்டார்ட்’ என்று கொடுத்தால் கிளப்பும், ‘ஸ்டாப்’ என்றால் நிறுத்தும். புதிதாக எதையோ கண்டுபிடித்தோம் என்று பூரிக்க யூனிக்ஸ் யாரையும் விடாது. நமக்கு முன்னால் யாரோ செய்து மூலையில் போட்டிருப்பார்கள்.

ஏரலைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்திலேயே கொற்கை இருக்கிறது, பாண்டியர் துறைமுகம், முத்து என்று நாங்களும் பெருமை பேசலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் மினுங்குவது பித்தளைதான். சுற்று வட்டாரத்தில் கல்யாணம் நிச்சயமானால் குடம், அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எடுக்க ஏரல் பஜாருக்குத்தான் வண்டி வரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் சாமி கோயிலுக்கு வருகிற கூட்டமும் திரும்பும்போது ஒரு சொம்பாவது வாங்கிப் போகும். (ஊரின் சேர்மனாக இருந்து 1908இல் மறைந்த அருணாசலம்தான் அந்தச் சாமி. ஆபீஸ் வேலை பார்த்தவரைக் கும்பிடுகிற ஊர் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. பதவியில் இருக்கிறவர்கள் யாரும் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.)

பாத்திர வியாபாரக் கணக்கு பலசரக்குக் கணக்கு மாதிரி நேர்க்கோட்டில் போகாது. பாத்திரம் எடைக்கு விலை. கொண்டுவரும் பழைய பித்தளையும் எடைதான், ஆனால் அதற்கு வேறு விலை. ஒட்டியிருக்கும் ஈயத்துக்கும் அழுக்குக்கும் கழிவு உண்டு. அதற்குமேல் பேர் வெட்டும் கூலி. மிச்சத்தில் பாதி ரொக்கம், பாதி ‘அறுப்பு முடிஞ்சதும் தாரேன்’. அந்தப் பாத்திரக் கடை அண்ணாச்சி இவ்வளவையும் துண்டுச் சீட்டில் எழுதி, ராத்திரி சிட்டைக்கு ஏற்றி, சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவார். ஒரு கல்யாண சீசனில் சீட்டுகள் காற்றில் பறந்து சாக்கடையில் விழ, “தம்பி, உங்க ஆபீஸ் பொட்டி மாதிரி ஒண்ணு நமக்கு ஆகுமா?” என்றார்.

ஆயிற்று. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று, டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று, பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி ஒன்று. சாயங்கால பஸ்ஸில் ஊர் வந்து கடையில் உட்கார்ந்து வேலைக்கு ஒரு ஸ்கிரிப்டாக எழுதினேன். எடை போட ஒன்று, பழசு வரவு வைக்க ஒன்று, பேர் வெட்டும் வரிசைக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று. கொஞ்ச நாளில் எது எதற்கு என்று கடைப் பையனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மானிட்டரைச் சுற்றித் துண்டுச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. எந்தச் சீட்டை ஒழிக்கக் கம்ப்யூட்டர் வந்ததோ, அது இப்போது கம்ப்யூட்டருக்கே தேவைப்பட்டது.

அதனால் எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டுக்குள் போட்டு அதற்குக் ‘கடை’ என்று பெயர் வைத்தேன். இனி பையன் கடை என்று அடித்து, இடைவெளி விட்டு, வேலையைச் சொன்னால் போதும். கடை எடை. கடை பழசு. கடை பேர். கடை பாக்கி. ராத்திரி கடை சிட்டை, அப்புறம் ஃபிளாப்பிக்குக் கடை காப்பு, சனிக்கிழமை கடை அச்சு. அதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான். அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி அரசு விசைப்பலகையும் எழுத்துத்தரமும் அறிவித்தது பேப்பரில் வந்தது. எங்கள் டெர்மினலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. பேர் வெட்டுகிறவர் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்து, “இதுல வள்ளியா வல்லியா?” என்று கேட்டுவிட்டு, பெண் வீட்டார் கையால் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துத்தான் உளியை வைத்தார். பித்தளையில் வெட்டியதை அழிக்க முடியாது. அந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை கம்ப்யூட்டரை அவர் நம்பவில்லை, அது சரியும்கூட.

உள்ளே இருந்த வித்தை ரொம்பச் சின்னது. ஸ்கிரிப்ட் பெயருக்குப் பின்னால் அடித்த முதல் சொல் $1 என்று உள்ளே வரும். ‘கேஸ்’ அதை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கும்: எடை என்றால் இந்தப் பகுதி, பாக்கி என்றால் அந்தப் பகுதி, ஒவ்வொரு பகுதியும் இரண்டு அரைப்புள்ளியில் முடியும், எதிலும் பொருந்தாத சொல்லைப் பிடிக்கக் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. சொல் பொருந்தியதும் ‘ஷிஃப்ட்’ போட்டால் அந்த முதல் சொல் உதிர்ந்து, மிச்சமெல்லாம் "$@" ஆக அந்த வேலைக்குப் போய்ச் சேரும். அந்த இரட்டை மேற்கோள் குறிக்குள்தான் உயிர் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் ‘குரும்பூர் பெரிய வீடு’ என்று இடைவெளியோடு எழுதிய கணக்கு குரும்பூர் ஒருவர், பெரிய ஒருவர், வீடு ஒருவர் என்று மூன்று கடன்காரர்களாகப் பிளந்துவிடும். ‘கேஸ்’ கட்டத்தை முடிக்க அந்தச் சொல்லையே திருப்பிப்போட்டு ‘ஈசாக்’ என்று எழுத வேண்டும். ஸ்டீபன் போர்ன் ஆல்கால் 68 மொழியில் ஊறியவர். 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளியான அவருடைய ஷெல்லில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ‘டூ’வையும் அப்படித் திருப்பி ‘ஓடி’ என்று முடித்திருப்பார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு புரோகிராம் உட்கார்ந்திருந்ததால் ‘டன்’ ஆயிற்று.

நான் பெருமையோடு அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் ‘கடை’ என்று மட்டும் அடித்து என்டரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. ‘கடை பாத்திரம்’ என்று அடித்தார். அதற்கும் ஒன்றும் வரவில்லை.

“என்ன தம்பி, பேசாம நிக்கு?”

“அப்படி ஒரு வேலை இல்ல அண்ணாச்சி. அதான்.”

“கடைக்கு ஆள் வந்து பேசாம நின்னா நாம என்ன செய்வோம்? ‘வாங்க, என்ன வேணும்’னு கேப்போம்லா? இல்லாத சாமானக் கேட்டா ‘அது இல்ல, இது இருக்கு’ன்னு சொல்லுவோமா, வாய மூடிக்கிட்டு இருப்போமா? இது ஏன் கேக்க மாட்டேங்கு?”

அன்று ராத்திரி அந்த நட்சத்திரப் பகுதியைத்தான் எழுதினேன். வெறும் ‘கடை’க்கு எல்லா வேலையையும் வரிசையாகக் காட்டும், பக்கத்தில் ஒருவரி விளக்கத்தோடு. தெரியாத சொல்லுக்கு, முதலில் ‘அந்த வேலை இங்கே இல்லை’ என்று பிழைச் செய்திக்கான தனி வழியில் சொல்லிவிட்டு, அதே பட்டியலைக் காட்டி, பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறும். அப்போதுதான் இதைக் கூப்பிட்ட வேறு ஸ்கிரிப்டுக்கும் வேலை நடக்கவில்லை என்று தெரியும். பின்னாளில் எத்தனையோ கம்பெனி டூல்களைப் பார்த்துவிட்டேன். வெறும் பெயரைத் தட்டினால் என்ன சொல்கிறது என்பதை வைத்தே எழுதியவன் கல்லாவில் உட்கார்ந்தவனா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பெரிய இடத்துக் கதையும் இதேதான் என்று பிறகு தெரிந்தது. நிரலில் செய்த மாற்றங்களைக் காத்துவைக்க உலகமே ஒரு காலத்தில் பயன்படுத்திய சிவிஎஸ், ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளர் இரண்டு மாணவர்களோடு ஒரே நிரலில் வேலை செய்யத் தோதாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகளாகத்தான் 1986இல் வெளியே வந்தது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டும் முதலில் எங்கள் கடை மாதிரிதான், வேலைக்கு ஒரு புரோகிராம். கிட்-கமிட், கிட்-லாக் என்று நடுவில் சிறு கோடு போட்டுத் தனித்தனியாக அடிப்பார்கள். 2008இல் 1.6 பதிப்பில் அவற்றையெல்லாம் கண்ணில் படாத ஓர் அறைக்குள் தள்ளி, வாசலில் ‘கிட்’ என்ற ஒரே ஆளை நிறுத்தினார்கள். கோடு போய் இடைவெளி வந்தது. கொஞ்சம் பேர் அதற்கும் சண்டை போட்டார்கள்.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம்.

அந்த அக்கா மகன், என் மருமகன், பிளஸ் டூ படித்தபோது அரசாங்க இலவச லேப்டாப் வாங்கியவன். 2011இல் தொடங்கிய திட்டம். அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பையன் செய்த முதல் காரியம், லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டு அங்கே விஜய் படங்களை நிரப்பியது. நான் திட்டினேன். “யாரு மாமா அதயெல்லாம் யூஸ் பண்ணுவா?” என்றான். இன்றைக்கு அவனுக்குச் சம்பளம் வருவது முழுக்க லினக்ஸில். 2016இல் மைக்ரோசாப்டே விண்டோஸுக்குள் பேஷ் ஷெல்லைக் கொண்டுவந்து வைத்தது. அவன் அழித்ததைக் கம்பெனிக்காரனே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், படத்தை அழிக்காமல்.

ஊருக்கு வந்தவன் அண்ணாச்சி கடைக்குப் போனான். மூலையில் அந்தப் பழைய பெட்டியின் பேரன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி மாறினாலும் ஸ்கிரிப்ட் மாறவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இன்னுமா இத ஓட்டிக்கிட்டிருக்கீங்க? நான் மாடர்னா எழுதித் தாரேன்” என்றான். பைத்தானில் எழுதலாம், இல்லையென்றால் கோ மொழியில் கோப்ரா வைத்து எழுதலாம், குபெர்னெட்டீஸ்காரர்களே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றான். அண்ணாச்சி காதில் மலைப்பாம்பும் நல்லபாம்பும் மட்டும் விழுந்தன. “எதுவா இருந்தாலும் கூடைய விட்டு வெளிய விடாத” என்றார்.

எழுதினான். உள்ளதைச் சொல்ல வேண்டும், சில இடங்களில் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. சப்கமாண்டு இப்போது தமிழ் எழுத்திலேயே. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனும், ராப் பைக்கும் 1992இல் அமைத்துக் கொடுத்த யுடிஎஃப்-8தான் அதற்குக் காரணம். ‘பா’ என்று தொடங்கி டேப் விசையைத் தட்டினால் ‘பாக்கி’ என்று தானே முடிக்கிறது. என் காலத்தில் முழுச் சொல்லையும் தட்ட வேண்டும், தப்பாகத் தட்டினால் திட்டு வாங்க வேண்டும். ஷெல்லிலேயே எழுதியிருந்தாலும் இது ஆகும். பேஷில் ஃபங்ஷன் பெயரைத் தமிழில் வைக்கலாம், ஃபைல் பெயரையும் வைக்கலாம், வேரியபிள் பெயருக்கு மட்டும் ரோமன் எழுத்தை விடாது. ஒரே குறை, உதவிப் பட்டியல். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், ‘பாக்கி’ என்ற ஒரு சொல்லுக்கே பதினெட்டு. பைட்டை எண்ணி இடம் விடுகிற கட்டளைகளுக்குப் புள்ளியும் கொக்கியும் புரிவதில்லை. வலப்பக்க விளக்கங்கள் எல்லாம் சந்தை முடிந்த தெரு மாதிரி சாய்ந்து கிடந்தன. அதை நேராக்க அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். நான் ‘கடை பாக்கி’ என்று நிறுத்திவிட்டேன். அவன் அதற்குள்ளும் ஓர் அடுக்கு வைத்தான்: கடை காட்டு பாக்கி, கடை சேர் பாக்கி, கடை திருத்து எடை. செயல் முதலில், பொருள் பிறகு, குபெர்னெட்டீஸ் வழி. டாக்கரும் தொடக்கத்தில் தன் வேலைகளைத் தனித்தனிச் செயலாகக் குவித்துவைத்து, 2017இல் 1.13 பதிப்பில் பொருளை முன்னே வைத்து ஒழுங்குபடுத்தியது என்று நான் எடுத்துக் காட்டினேன். கேட்கவில்லை. கடைப் பையன் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ‘பாக்கிய காட்டு’ன்னுதான வாயில வருது, ‘காட்டு பாக்கிய’ன்னா சண்ட போடுத மாதிரி இருக்கு” என்றான். அடுத்த நாளே கடை பாக்கி காட்டு ஆயிற்று. கலிபோர்னியாவில் முடியாத விவாதத்தைப் பித்தளைக் கடைப் பையன் முடித்துவைத்தான்.

‘அச்சு’ என்ற வேலையையும் அவன் எடுத்துவிட்டான். இந்தக் காலத்தில் யார் பிரிண்ட் எடுக்கிறார்கள்? ‘காப்பு’ இருந்தது, ஆனால் யாரும் தட்ட வேண்டியதில்லை. மணிக்கொருமுறை தானாகவே மும்பையில் இருக்கும் கிளவுடுக்குப் போய்விடும். நான் எழுதியதை ஒரு ஃபோல்டரில் போட்டு அதற்குப் ‘பழசு’ என்று பெயர் வைத்தான். எடைக்குப் போடாமல் விட்டானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணாச்சி மூலைப் பெட்டியைக் கழற்ற விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் பையனை அதில் உட்காரவைத்து, பழைய கடையில் அச்சைத் தட்டச் சொல்லி, பிரிண்டர் கரகரவென்று துப்பும் தாளை மடித்துப் பரணில் ஏற்றுவார். “எதுக்கு அண்ணாச்சி?” என்று மருமகன் கேட்டதற்கு, “கையில புடிச்சுப் பாத்தாத்தான் பாக்கி” என்றார். எங்கள் இரண்டு பேர் வேலையையும் சேர்த்து அவமதிக்கிற வாக்கியம்.

2023 டிசம்பர் 17, 18 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. ஆறு ஏரல் பஜாருக்குள் நடந்து வந்தது. பாலம் சேதமாகி ஊர் துண்டிக்கப்பட்டது. அண்ணாச்சி கடையில் காலி அண்டாக்கள் ஷட்டர் இடுக்கில் முட்டி மிதந்துகொண்டிருந்தன. தண்ணீர் வடிந்ததும் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டரைப் புளி போட்டுத் தேய்க்க முடியாது. புதுசு, பழசு இரண்டு பெட்டியும் போயின.

மருமகன் பதறவில்லை. மும்பையில் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் அண்ணாச்சியின் கணக்கு சொட்டு நனையாமல் இருந்தது. இங்கிருந்து அதைப் பார்க்கத்தான் வழியில்லை. கரண்டும் கிடையாது, டவரும் கிடையாது. அண்ணாச்சி ஏணி போட்டுப் பரணில் ஏறி, சனிக்கிழமை எடுத்த தாளை இறக்கி, கடை வாசலில் சகதியைத் தள்ளிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

வசூலுக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவரோ ஊர் ஊராகப் பார்த்து, சில பேர்களுக்கு நேராகப் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். “வீடே போயிட்டு. கொடத்துக்கா காசு கேக்க?” என்றார். பிறகு தாளை மருமகனிடம் நீட்டி, “கரண்டு வந்ததும் கடையில ஏத்திரு” என்றார்.

ஏற்ற வழியில்லை. பாக்கியைக் காட்டலாம், சேர்க்கலாம், திருத்தலாம், பணம் வாங்கிக் கழிக்கலாம். பணம் வாங்காமல் கழிக்க இரண்டு பேர் எழுதிய கடையிலும் கட்டளை இல்லை. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வேலையை அந்தக் கடை எங்களிடம் கேட்டதே இல்லை. டவர் வந்ததும் கணக்கு மும்பையிலிருந்து லேப்டாப்புக்கு இறங்கிவிட்டது. புது டூலைத் திருத்திக் கட்டத்தான், வெள்ளத்தோடு போன எதையெதையோ மறுபடி இன்டர்நெட்டில் இறக்க வேண்டுமாம். செல்போன் சிக்னலில் அது நாளாகும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மருமகன் ‘பழசு’ ஃபோல்டரைத் திறந்தான். நான் எழுதிய ‘கேஸ்’ கட்டத்தில் நட்சத்திரத்துக்கு மேலே ‘தள்ளு’ என்று ஒரு பகுதி சேர்த்தான். நாலு வரி. பட்டியலிலும் ஒரு வரி.

இப்போது புது டூலிலும் தள்ளு வந்துவிட்டது. அதில் மட்டும், ஒரு கணக்கைத் தள்ளும் முன் ‘உறுதியாகத் தள்ளலாமா? ஆம், இல்லை’ என்று கேட்கும்படி வைத்திருக்கிறான். பணம் போகிற இடம், அப்படிக் கேட்பதுதான் முறை. அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

“அத எடுத்திரு தம்பி. வீட்ல ஒருக்க கேட்டாச்சு, எம் மனசுக்குள்ள நூறு தடவ கேட்டாச்சு. இதுவும் வேற கேக்கணுமா?”

மருமகன் எடுக்கவில்லை. கேள்வியைத் தாண்டிப் போகப் பின்னால் சேர்த்துக்கொள்ளும்படி ‘-ஆ’ என்று ஒன்றை வைத்தான். கடைப் பையனுக்கு அது மனப்பாடம். ஆனால் அண்ணாச்சி கடையில் இல்லாத நேரத்தில் அவன் அதைத் தட்டுவதில்லை.